எண் அழிந்த எஞ்சின்

மனிதனுக்கு மட்டுமன்று, அவன் பயன்படுத்தும் பொருள்களுக்கும் முதுமை உண்டு. முதுமையுற்ற பொருளை என்ன செய்வது என்னும் கேள்வி, முதற்பார்வைக்குப் பணத்தைப் பற்றிய கேள்வியாகவே தோன்றும். சற்று நின்று நோக்கினால் அது அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருப்பதை உணரலாம். சென்ற ஆண்டு என் வீட்டுக் காரின் எஞ்சின் தேய்ந்துபோனபோது நான் இதைக் கற்றுக்கொண்டேன். அரசு அலுவலக எழுத்தன் ஒருவன் கார் பழுது பார்த்த கதை இலக்கிய மலரில் இடம்பெறத் தக்கதா என்று அன்பர்கள் ஐயுறலாம். ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு அக்கதையில் ஒரு செய்தி உண்டு என்று நம்பியே எழுதத் துணிகிறேன்.

நான் வாழ்வது பெங்களூர் மர்பி டவுனில். அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள இக்குடியிருப்பு, கண்டோன்மென்ட் காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கெனத் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. முன்னாளில் இதற்கு நாக்ஸ் பேட்டை என்று பெயர். பின்னர் கண்டோன்மென்டில் பொறியாளராக இருந்த மர்பி என்பாரின் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தனர். அது முதற்கொண்டு சென்னை மாகாணத்துத் தமிழர் படைவீரராகவும் கொத்தராகவும் சமையற்காரராகவும் வந்து குடியேறினர். என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். என் தந்தையார் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். அவர் 1997இல் வாங்கியதே எங்கள் மாருதி 800.

அந்த வண்டியைப் பற்றி நான் விரித்துரைக்கத் தேவையில்லை. 1983 டிசம்பர் 14ஆம் நாள் தில்லியில் முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அதனை வாங்கியவரிடம் வழங்கினார். 2014 சனவரியில் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், ஸ்கூட்டரில் நால்வராக நெருக்கி அமர்ந்து சென்ற எத்தனையோ குடும்பங்களைக் காரில் ஏற்றி வைத்த பெருமை அதற்கு உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்ற வண்டி நாள்தோறும் என்னைக் கோரமங்கலாவிலுள்ள அலுவலகத்துக்கும், மாதம் இருமுறை என் தாயாரை மருத்துவமனைக்கும் கொண்டுசென்று வந்தது.

நோயும் மருந்தும்

சென்ற ஆண்டு அதன் புகைக்குழாயிலிருந்து நீலப்புகை எழத் தொடங்கிற்று. ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே அளவு குறைந்தது. அல்சூர் மேட்டில் ஏறும்போது வண்டி முனகியது. எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி என் தந்தையாரின் நண்பர். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் மீட்டரை வைத்து உள்ளழுத்தத்தை அளந்தார். பிறகு அதே துளையில் சிறிது ஆயிலை விட்டு மீண்டும் அளந்தார். இம்முறை முள் மேலேறிற்று.

“தம்பி, வால்வு பழுதில்ல. வால்வா இருந்தா ஆயில் விட்டாலும் ஏறாது. ரிங்கும் போரும் போயிடுச்சு” என்றார்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் உராய்ந்து உராய்ந்து சிலிண்டரின் உட்சுவரும் வட்டம் குலைந்துவிட்டது. ஆகவே அழுத்தம் கீழே கசிந்தது. ஆயில் மேலேறி எரிந்து நீலப்புகையாக வெளிவந்தது. அவர் ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்ததனால்தான் முள் ஏறிற்று.

செய்யக்கூடியவை மூன்று என்றார் மேஸ்திரி. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க் ஷாஃப்ட் முதலியவற்றையும் பார்த்து முடிக்க முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆகும். நல்ல நிலையிலுள்ள பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றலாம். பாதிச் செலவில் முடியும். அல்லது வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வழியே இக்காலத்துக்கு ஏற்றது என்று நண்பர்கள் கூறினர். தனியார் கார்களைப் பதினைந்து ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு செய்யவேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குரிய கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அரசு வண்டிகளுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. பதினைந்து ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. எனினும், உடல் துருவேறாமல் உறுதியாக நிற்கும் வண்டியை ஓர் உறுப்புத் தேய்ந்ததற்காக உருக்குலைக்க எனக்கு மனம் வரவில்லை. புதிய வண்டிக்குக் கடன் வாங்கும் நிலையிலும் நான் இல்லை. எனவே இரண்டாம் வழியைத் தேர்ந்தேன்.

இது தாத்தாவின் கார்தானா?

அன்றிரவு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். “எஞ்சினை மாத்திட்டா இது தாத்தா கார்தானாப்பா?”

சிறுமியின் கேள்விதான், ஆனால் சிறிய கேள்வி அன்று. கிரேக்க அறிஞர் புளூட்டார்க் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் போற்றிப் பாதுகாத்தனர். பலகை உளுத்தபோதெல்லாம் அதை எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்தினர். இறுதியில் அது பழைய கப்பலா, புதிய கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டனராம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அவ்வாதத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக்கொண்டு மற்றொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

நம் நாட்டிலும் இவ்வாதம் புதிதன்று. மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்த உரையாடலைப் பாலி மொழி நூல் ஒன்று கூறுகிறது. ‘நீர் தேரில் வந்தீரன்றோ? சக்கரம் தேரா? அச்சு தேரா? தேர்த்தட்டு தேரா?’ என்று துறவி அடுக்கிக் கேட்கிறார். எதுவும் தேர் அன்று என்றே மன்னன் விடையிறுக்க நேர்கிறது. உறுப்புகள் கூடி இயங்கும்போது அக்கூட்டத்துக்கு நாம் இடும் பெயரே தேர் என்பது உரையாடலின் முடிபு.

இரும்புக்கும் மரத்துக்கும் மட்டுமன்றி உயிருள்ள உடலுக்கும் இக்கேள்வி இன்று பொருந்தும். 1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்டு, ஒருவரின் இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தினார். 1994 ஆகஸ்டு 3ஆம் நாள் தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் மருத்துவர் வேணுகோபால் இந்நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றத்தைச் செய்தார். 2008 செப்டம்பரில் சென்னையில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுச் சிறுவனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடையாக அளித்தனர். போக்குவரத்தை நிறுத்தி வழியமைத்து அவ்விதயத்தைக் கொண்டுசென்று ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தியதை நாம் மறந்திருக்க முடியாது. வேறொருவர் இதயம் துடிப்பதால் அச்சிறுமி வேறொருத்தி ஆகிவிட்டாள் என்று அவளைப் பெற்றவள் சொல்வாளா? சொல்லமாட்டாள்.

ஆகவே என் மகளுக்கு விடை சொல்வது எளிதென்று எண்ணினேன். உறுப்பு மாறினாலும் பொருள் தொடரும். பிறருக்கு உதவாத உறுப்பு நமக்கு உதவுமானால் அது நன்மையே என்று கூறி அவளை உறங்கச் செய்தேன். பாதி விடையைத்தான் கூறினேன் என்பது பிறகே எனக்கு விளங்கிற்று.

மலிவின் விலை

பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளைச் சென்னையில் காயலான் கடை என்பர். இங்கே குஜரி என்பர். சென்னையில் புதுப்பேட்டை இதற்குப் பெயர்பெற்றது. பெங்களூரில் சிவாஜி நகரைச் சொல்வார்கள். இக்கடைகள் செய்யும் தொண்டு பெரிது. விபத்திலும் வெள்ளத்திலும் அழிந்த வண்டிகளிலிருந்து உயிருள்ள உறுப்புகளைப் பிரித்தெடுத்து, எளியவர் வண்டிகளை ஓடவைப்பவர்கள் அவர்கள். நல்ல வணிகர் எங்கிருந்து வந்த பொருள் என்று சொல்வார், ரசீதும் தருவார். நான் விசாரித்த இடங்களில் அத்தகைய எஞ்சினுக்குப் பதினாறாயிரம் கேட்டனர்.

அந்நிலையில் தரகர் ஒருவர் வந்தார். நகரின் வேறொரு மூலைக்கு என்னை அழைத்துச் சென்று, சாக்குப்பையை விலக்கி ஓர் எஞ்சினைக் காட்டினார். கையால் சுழற்றிப் பார்த்தால் அழுத்தம் நன்றாக இருந்தது. விலை ஏழாயிரம் ரூபாய். ரசீது இல்லை. சிலிண்டர் பிளாக்கில் எஞ்சின் எண் பொறித்திருக்கும் இடத்தை நோக்கினேன். அவ்விடம் மட்டும் கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டிருந்தது.

“நம்பரை யார் சார் பார்க்கப் போறாங்க?” என்றார் தரகர்.

ஒருநாள் தவணை கேட்டுவிட்டு வந்தேன். அந்த ஒருநாளில் என் மனமே எனக்கு வழக்கறிஞராயிற்று. அது எடுத்துரைத்த வாதங்களை மறைக்காமல் கூறுகிறேன்.

திருட்டு நடந்திருந்தால் அது முடிந்துபோன செயல்; நான் வாங்காவிட்டால் பறிகொடுத்தவனுக்கு எஞ்சின் திரும்பிவிடுமா? திருட்டுப் பொருள்தான் என்று யார் கண்டார்? நான் வாங்காவிடில் நல்ல எஞ்சின் உலைக்களத்தில் உருகிப் போகும். அது வீண் அன்றோ? மேலும் நான் பேராசைக்காரன் அல்லன். தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி வேண்டும். மிஞ்சும் ஒன்பதாயிரம் ரூபாய் அவர் மருந்துக்கு ஆகும்.

வாதங்கள் வலியவைபோலவே தோன்றின. ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது அவற்றின் வலிமை தேய்ந்தது. முடிந்துபோன திருட்டுக்கு நான் பொறுப்பில்லைதான். ஆனால் நான் கொடுக்கும் ஏழாயிரம் அடுத்த திருட்டுக்குக் கூலி. வாங்குவார் இல்லாத ஊரில் காரைத் திருடிப் பிரிப்பவன் எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பெயர்பெற்றுப் பல்லாண்டு நடந்து, 2021 டிசம்பரில் காவல்துறையின் நடவடிக்கையால் அடங்கிற்று. அத்தனை ஆண்டு அச்சந்தையை வளர்த்தவர்கள் திருடர் மட்டுமல்லர். ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று எண்ணி வாங்கிய, என்னைப் போன்ற மதிப்புக்குரிய மனிதர்களும் அதை வளர்த்தனர்.

‘திருட்டுப் பொருள் என்பது எனக்குத் தெரியாது’ என்னும் வாதத்துக்குச் சட்டம் முன்னரே விடை எழுதி வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவும், 2024 சூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவும், திருட்டுப் பொருள் என்று அறிந்து பெற்றவனை மட்டும் குறிப்பிடவில்லை. அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையின்றிப் பெற்றவனையும் சேர்த்தே குறிக்கின்றன. அறியாமை இருவகை. ஒன்று, அறிய வழியின்மையால் வருவது. மற்றொன்று, அறிந்துவிடுவோமோ என்று அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்வதால் வருவது. தேய்த்து வழவழப்பாக்கிய அந்த இரண்டங்குல இரும்பை என் விரலால் தடவிய பிறகு முதல்வகை அறியாமைக்கு நான் உரிமை கொண்டாட முடியாது. பிறர் பொருளை வஞ்சனையால் கொள்வோம் என்று உள்ளத்தால் எண்ணுவதும் தீது என்று வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் ஏன் அவ்வளவு கடுமையாகச் சொன்னார் என்பது அன்றுதான் எனக்குப் புலனாயிற்று. திருட்டு கையில் நிகழுமுன் மனத்தின் வாதங்களில் நிகழ்ந்துவிடுகிறது.

எண் என்பது யாது?

இப்பொழுது மகளின் கேள்விக்கு மீண்டும் வருகிறேன். கார் தொடர்கிறது என்று நாம் சொல்வது எதனால்? இரும்பு மாறாதிருப்பதால் அன்று. இரும்பு மாறியே தீரும். ஜான் லாக் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1694இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில், ‘ஆள்’ என்பது வழக்குமன்றத்துக்குரிய சொல் என்று விளக்கினார். செய்த செயலுக்குப் புகழையும் பழியையும் ஏற்று விடைசொல்ல நிற்பவனே ஆள் என்பது அவர் கருத்து. எலும்பும் தசையும் மாறினாலும், ‘அதைச் செய்தவன் நானே’ என்று விடைகூறும் பொறுப்புத் தொடர்கிறது.

ஓர் எழுத்தனுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 55ஆம் பிரிவு, அழிந்துபோன வண்டியை உரிமையாளர் தெரிவித்துப் பதிவை நீக்கச் செய்யவேண்டும் என்கிறது. இவற்றை அலுவலகத் தொல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். எண் என்பது வெறும் அடையாளம் அன்று. ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எவரேனும் கேட்பதற்கும் அதற்கு விடை பெறுவதற்கும் உள்ள ஒரே வழி அது. கடன் தீராத காரைப் பறிகொடுத்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு எங்கோ நிற்கக்கூடும். எண்ணைத் தேய்த்தவன் எஞ்சினை மட்டும் திருடவில்லை. அவர் கேட்கும் கேள்வியையே திருடிவிட்டான்.

இதயத்தின் நிலையும் இதுவே. 1980களில் நம் நாட்டில் வறியவர் சிறுநீரகங்கள் விலைக்குப் போயின. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றச் சட்டம் அவ்விற்பனையைக் குற்றமாக்கிற்று. கொடையாக வந்த சிறுநீரகமும் விலைக்கு வந்த சிறுநீரகமும் உடலுக்குள் ஒன்றுபோலவே வேலை செய்யும். வேறுபாடு உறுப்பில் இல்லை. அது வந்த வழியில் இருக்கிறது.

நாம் மறைத்த எண்கள்

இவ்வளவில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு எளிதாயிருக்கும். ஆனால் ‘எண்ணை அழிப்பது எப்போதுமே தவறா?’ என்னும் கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில் நாமும் அழித்திருக்கிறோம்.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பையொட்டி இந்நகரில் கலவரம் மூண்டபோது எனக்குப் பதினோரு வயது. என் தந்தையாரின் ஸ்கூட்டர் முகப்பில் ‘முருகன் துணை’ என்று தமிழில் ஒட்டியிருந்தது. அன்றிரவு அவர் பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தார். நான் விளக்குப் பிடித்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்நாட்களில் எங்களைத் தம் வீட்டினுள் வைத்துக் காத்தது ஒரு கன்னடக் குடும்பமே என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் மீண்டும் தீ மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன. எண்பலகையைத் தாளாலும் சேற்றாலும் மறைத்துக்கொண்டு வீடு சேர்ந்தவர்களை நான் அறிவேன்.

அவர்களும் எண்ணை மறைத்தவர்களே. அவர்களைத் தரகரோடு ஒன்றாக வைக்கலாமா? வைக்கலாகாது. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று கூறிய வள்ளுவர், இத்தகைய இரவுகளை அறிந்தே கூறியிருப்பார் போலும். தந்தையார் மறைத்தது தம் சொந்த அடையாளத்தை. மறைத்தது உயிருக்கு அஞ்சி. அதனால் எவரும் எதையும் இழக்கவில்லை. இழந்தவர் அவர் ஒருவரே. தரகர் மறைத்ததோ பிறருடைய அடையாளத்தை, மறைத்தது பணத்துக்காக, இழந்தவர் வேறொருவர். மறைத்தல் ஒன்றே எனினும், எவருடையதை, எதன்பொருட்டு, எவர் இழப்பில் மறைத்தோம் என்னும் மூன்று வினாக்களே அறத்தை முடிவு செய்கின்றன.

இம்மூன்று வினாக்களையும் பிறர்மீது ஏவியபின் என்மீதும் ஏவ வேண்டியதாயிற்று. என் மகளை முதன்முதல் பள்ளியில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் ‘தாய்மொழி’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் நான் ‘ஆங்கிலம்’ என்று எழுதினேன். எவரும் என்னை மிரட்டவில்லை. பள்ளியார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தெருவில் தீ எரியவில்லை. அவ்வாறு எழுதினால் குடும்பம் சற்று உயர்ந்ததாகத் தெரியும் என்று நானே எண்ணிக்கொண்டேன். நாள்தோறும் பிறர் விண்ணப்பங்களில் உண்மை தேடுவது என் தொழில். அன்று மறைத்தது எவருடையதை? அவளுடையதை, அவள் பாட்டனாருடையதை. எதன்பொருட்டு? பெருமைக்காக. எவர் இழப்பில்? நாளை ‘நாம் எங்கிருந்து வந்தோம்?’ என்று கேட்கப்போகும் அவளுடைய இழப்பில். கிரைண்டரைப் பிடித்த கை என்னுடையதே.

தந்தையார் தாமே எடுத்ததையும் நான் எடுத்ததையும் ஒப்பிட்டு நாணினேன். அவர் அஞ்சவேண்டிய நாளில் அஞ்சினார். நான் அஞ்சவேண்டாத நாளில் மறைத்தேன்.

எழுதப்பட்டது

ஏழாயிரம் ரூபாய் எஞ்சினை வாங்கவில்லை என்று தரகருக்குச் சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி சிரித்தார். “உங்கப்பாவும் இதைத்தான் செஞ்சிருப்பாரு” என்றார். எனக்குப் பெருமையாக இல்லை. ஒருநாள் தவணை கேட்டவன் நான், அவர் கேட்டிருக்கமாட்டார்.

சில வாரங்கள் பேருந்திலும் ஆட்டோவிலும் சென்றோம். பிறகு மழைநாளில் மரம் விழுந்து கூரை நசுங்கிய மாருதி 800 ஒன்றின் எஞ்சின் கிடைத்தது. அதன் பதிவு முறைப்படி நீக்கப்பட்ட தாளும் கடைக்காரரின் ரசீதும் இருந்தன. பதினாறாயிரம் ரூபாய். என் தாயார் தம் சிறு சேமிப்பிலிருந்து நாலாயிரம் கொடுத்தார். எங்கள் தேய்ந்த எஞ்சினை மேஸ்திரியே எடுத்துக்கொண்டார். அதன் கார்புரேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வேறு வண்டிகளில் இன்னும் ஓடுகின்றன. ஹாப்ஸ் சேர்த்துவைத்த பழைய பலகைகளைப் போல அவையும் எங்கோ வாழ்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் புதிய எண்ணை ஏற்றுவித்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தேன். இரண்டுமூன்று நாள் விடுப்பு அதற்கே செலவாயிற்று.

அந்தப் புத்தகத்தை மகளிடம் காட்டினேன். “இது தாத்தா கார்தான். இந்த எஞ்சின் வேறொருத்தர்கிட்ட இருந்து வந்தது. ரெண்டும் இதுல எழுதியிருக்கு பாரு” என்றேன். அவள் எண்களை விரல்வைத்துப் படித்தாள். தமிழில்தான் எண்ணிப் படித்தாள்.

இரும்பில் எண்ணை அச்சடிக்கும்போது மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அடியிலுள்ள உலோகமும் நசுங்கி மாறுகிறது. ஆகவே மேலே தேய்த்து அழித்தாலும், தடயவியல் ஆய்வாளர்கள் அமிலக் கரைசலைத் தடவிப் பலவேளைகளில் அழிந்த எண்ணை மீண்டும் தோன்றச் செய்கின்றனர் என்பர். மகள் எண்ணியதைக் கேட்டபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது. இவ்வாண்டு அவளை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தபோது தாய்மொழிக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதினேன். அதனால் ஒரு தீங்கும் வரவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நாம் ஒருவகையில் வேறுடலில் பொருத்தப்பட்ட எஞ்சின்களே. வந்த இடத்தில் உழைப்பது நம் கடமை. இம்மண்ணின் மொழியைக் கற்று, இம்மக்களோடு ஒன்றி, இவ்வூர் வண்டியை இழுப்பது நமக்கு இழிவன்று, பெருமையே. நாக்ஸ் பேட்டை மர்பி டவுன் ஆயிற்று. பெங்களூர் 2014இல் முறைப்படி பெங்களூரு ஆயிற்று. பெயர் மாறியும் ஊர் நம்மை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. நாம் செய்யத்தகாதது ஒன்றே. எங்கிருந்து வந்தோம் என்பதை, அஞ்சவேண்டாத நாளில், சிறு ஆதாயத்துக்காக நம் கையாலேயே தேய்த்துவிடலாகாது. அதுபோலவே பிறர் பொருளின்மீது பிறர் அழித்த எண்ணைக் கண்டும் காணாததுபோல் வாங்கலாகாது. இரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். பழையதைப் போற்றுவோம், பிறர் தந்ததை நன்றியுடன் பொருத்திக்கொள்வோம், வந்த வழியை மட்டும் எழுதி வைப்போம். கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதற்கு அந்த ஏடு வேண்டும்.